தோற்ற வாதியின் தலையில் விழுந்த செலவு: ஒரு கடன் வசூல் வழக்கு

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 பிப்ரவரி 26 அன்று ஒரு சின்னத் தொகையைப் பற்றிப் பெரிய தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. தொகை 4,543 டாலர் 3 சென்ட். கடன் வசூல் நிறுவனம் தன்னைத் தொந்தரவு செய்தது என்று வழக்குப் போட்டுத் தோற்ற ஒரு பெண், அந்த நிறுவனத்தின் வழக்குச் செலவாக இந்தத் தொகையைக் கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி. கட்டத்தான் வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள், வேண்டாம் என்று இரண்டு பேர். வழக்கின் பெயர் மார்க்ஸ் எதிர் ஜெனரல் ரெவென்யூ கார்ப்பரேஷன்.

கடன் வசூல் வழக்குகளில் வக்கீல் ஃபீஸும் வழக்குச் செலவும் யார் பையிலிருந்து யார் பைக்குப் போகும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான வழக்கை நான் படித்ததில்லை. யார் வழக்குப் போடத் துணிவார், யார் பயந்து ஒதுங்குவார், யார் பாதியில் சமரசத்துக்கு இறங்கி வருவார் என்பதையெல்லாம் இந்தத் துறையில் ஃபீஸ் விதிதான் முடிவு செய்கிறது. கடன் உண்மையா, தொந்தரவு நடந்ததா என்ற விசாரணைக்கு அப்புறம்தான் முறை வரும். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை, அல்லது செலவுப் பட்டியல் கைக்கு வந்த பிறகு தெரிகிறது. அதனால்தான் இந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வக்கீல் ஃபீஸ் வேறு, வழக்குச் செலவு வேறு. அமெரிக்காவில் அவரவர் வக்கீலுக்கு அவரவரே பணம் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஜெயித்தவர் தன் வக்கீல் ஃபீஸைத் தோற்றவரிடம் கேட்க முடியாது. சட்டமோ ஒப்பந்தமோ அதற்கு இடம் கொடுத்திருந்தால் கேட்கலாம், எதிர்த்தரப்பு தீய நோக்கத்தோடு வழக்காடியிருந்தால் கேட்கலாம். 1975-இல் அலியெஸ்கா பைப்லைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பொது நன்மைக்காக வழக்காடினார் என்பதற்காக நீதிமன்றமே ஒரு விதிவிலக்கை உண்டாக்கிவிட முடியாது, நாடாளுமன்றம்தான் சட்டத்தில் எழுத வேண்டும் என்றது.

வழக்குச் செலவின் நிலைமை நேர் எதிர். நீதிமன்றக் கட்டணம், சாட்சிப் படி, சாட்சியின் பயணச் செலவு, டெபசிஷன் (விசாரணைக்கு முன் சத்தியத்தின் பேரில் எடுக்கும் வாக்குமூலம்) பிரதிகள் போன்றவை இதில் அடங்கும். கூட்டாட்சி நீதிமன்றங்களில் இவற்றை ஜெயித்தவருக்குக் கொடுப்பதுதான் வழக்கம். உரிமையியல் நடைமுறை விதி 54(d)(1) இதைச் சொல்கிறது. கூட்டாட்சிச் சட்டமோ, இதே விதிகளோ, நீதிமன்ற உத்தரவோ வேறுவிதமாகச் சொன்னால் ஒழிய, வக்கீல் ஃபீஸ் நீங்கலான செலவு ஜெயித்தவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேறுவிதமாகச் சொல்வது என்றால் என்ன? மார்க்ஸ் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்கியது.

நடந்தது என்ன

வாதி ஒரு மாணவர் கடனைக் கட்டத் தவறியவர். கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த அமைப்பு, கலிஃபோர்னியா மாணவர் உதவி ஆணையத்தின் பிரிவான எட்ஃபண்ட். வசூலுக்கு அது அமர்த்திய நிறுவனம்தான் ஜெனரல் ரெவென்யூ கார்ப்பரேஷன். 2008 அக்டோபரில் வாதி கொலராடோவிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். ஒரு நாளைக்குப் பலமுறை போன் செய்து தொல்லை கொடுத்தார்கள், சம்பளத்தில் பாதிவரை பிடித்துவிடுவோம், வங்கிக் கணக்கிலிருந்தே பணத்தை எடுத்துக்கொள்வோம் என்று பொய்யாக மிரட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு.

இந்த மிரட்டல் குற்றச்சாட்டு ஏன் முக்கியம் என்றால், அரசு உத்தரவாதம் உள்ள மாணவர் கடன்களுக்கு நீதிமன்ற உத்தரவு இல்லாமலே சம்பளப் பிடித்தம் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு உச்சவரம்பு கையில் மிஞ்சும் சம்பளத்தில் 15 சதவீதம். 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கேட்டால் விசாரணைக்கும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அப்படியிருக்க 50 சதவீதம் என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறான மிரட்டல்தான். சொன்னார்களா என்பதை நிரூபிப்பதுதான் வாதியின் பாரம்.

வழக்குப் போட்ட கொஞ்ச நாளிலேயே நிறுவனம் அதே நடைமுறை விதிகளில் விதி 68-இன் கீழ் ஒரு சமரச முன்மொழிவு கொடுத்தது. 1,500 டாலரும், நியாயமான வக்கீல் ஃபீஸும் செலவும் தருகிறோம், தீர்ப்பை எழுதிக்கொள்ளுங்கள் என்றது. வாதி பதில் சொல்லவில்லை. பிறகு மனுவைத் திருத்தி, தன் அலுவலகத்துக்கு வேலை நிலவரம் கேட்டு ஃபாக்ஸ் அனுப்பியதும் சட்டவிரோதம் என்று இன்னொரு குற்றச்சாட்டைச் சேர்த்தார்.

2010 மே மாதம், ஜூரி இல்லாமல் நீதிபதி முன் ஒரே நாள் விசாரணை. எந்தச் சட்ட மீறலும் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு. ஜெயித்த நிறுவனம் 7,779 டாலர் 16 சென்டுக்குச் செலவுப் பட்டியல் கொடுத்தது. சாட்சிப் படி, சாட்சிப் பயணம், டெபசிஷன் பிரதிகள். நீதிமன்றம் சிலவற்றை அடித்துவிட்டு 4,543 டாலர் 3 சென்டை வாதி கட்ட வேண்டும் என்றது. கொலராடோ அடங்கிய பகுதிக்கான பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் அதை உறுதி செய்தது, அங்கேயும் ஒரு நீதிபதி மாறுபட்டார்.

சட்டத்தின் இரண்டு வாக்கியங்கள்

1977-இல் வந்த நியாயமான கடன் வசூல் நடைமுறைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன் 1692k பிரிவு பணத்தைப் பற்றிப் பேசுகிறது. மெய்யாகவே உண்டான இழப்பைக் கேட்கலாம். அதற்கு மேல் நீதிமன்றம் தன் விருப்புரிமையில் 1,000 டாலர் வரை சட்டப்படியான இழப்பீடு கொடுக்கலாம். அந்த 1,000 டாலர் 1977-இல் போட்டது. விலைவாசியோடு ஏறும் ஏற்பாடு சட்டத்தில் இல்லை, இன்றும் அதே 1,000 தான். குழுவாகப் போடும் வழக்கில் 5,00,000 டாலர் அல்லது நிறுவனத்தின் நிகர மதிப்பில் ஒரு சதவீதம், இரண்டில் எது குறைவோ அது.

இவ்வளவு சிறிய தொகைக்கு எந்த வக்கீல் வருவார்? அதற்குப் பதில்தான் அந்தப் பிரிவின் (a)(3) உட்பிரிவு. முதல் வாக்கியம், வழக்கில் ஜெயித்த வாதிக்கு வழக்குச் செலவும் அதோடு நீதிமன்றம் முடிவு செய்யும் நியாயமான வக்கீல் ஃபீஸும் உண்டு என்கிறது. இரண்டாவது வாக்கியம் பிரதிவாதிக்கானது. தீய நோக்கத்தோடும், தொந்தரவு செய்வதற்காகவும் வழக்குப் போடப்பட்டது என்று நீதிமன்றம் கண்டால், பிரதிவாதிக்கு அவர் தரப்பு உழைப்புக்கு ஏற்ற வக்கீல் ஃபீஸையும் செலவையும் கொடுக்கலாம். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், தீய நோக்கம் மட்டும் போதாது.

மார்க்ஸ் வழக்கில் வாதிக்குத் தீய நோக்கம் இருந்ததாக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு போட்டார், நிரூபிக்க முடியாமல் தோற்றார், அவ்வளவுதான். அவர் தரப்பு வாதம் இது: பிரதிவாதிக்கு எப்போது செலவு கிடைக்கும் என்று சட்டமே சொல்லிவிட்டது, அந்த நிபந்தனை பூர்த்தியாகவில்லை, எனவே விதி 54-க்கு இங்கே இடமில்லை. அமெரிக்க அரசும் நீதிமன்ற நண்பராக, அதாவது வழக்கில் தரப்பாக இல்லாமல் கருத்துச் சொல்பவராக வந்து வாதியின் பக்கம் நின்றது. ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2010-இலேயே ரௌஸ் வழக்கில் இதே முடிவுக்கு வந்திருந்தது. நாட்டின் இரு பகுதிகளில் இரு விதமான சட்டம் ஓடியதால்தான் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். ஒரு சட்டம் வேறுவிதமாகச் சொல்கிறது என்றால் அது விதி 54-க்கு முரணாக இருக்க வேண்டும் என்றார். தீய நோக்கம் இருந்தால் நீதிமன்றம் செலவு கொடுக்கலாம் என்று சட்டம் சொல்வதால், தீய நோக்கம் இல்லாவிட்டால் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிடாது. தீய நோக்க வழக்குகளில் ஃபீஸ் கொடுக்கும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு முன்பிருந்தே உண்டு, அந்த வாக்கியம் அதைத்தான் எழுத்தில் வைத்திருக்கிறது என்பது அவர் பார்வை. அப்படியானால் அந்த வாக்கியத்தின் கடைசியில் செலவும் என்று ஏன் சேர்த்தார்கள்? அதைச் சேர்க்காவிட்டால், தீய நோக்க வழக்கில் பிரதிவாதிக்கு ஃபீஸ் மட்டும்தான், செலவு இல்லை என்று யாராவது வாதிடலாம், அந்தச் சந்தேகத்தைப் போக்கத்தான் சேர்த்தார்கள் என்றார்.

நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் எலீனா கேகனும் சேர்ந்துகொண்டார். பெரும்பான்மையின் விளக்கப்படி பார்த்தால் அந்தச் சொற்களுக்கு வேலையே இல்லாமல் போகிறது என்பது அதன் மையம். ஜெயித்த பிரதிவாதிக்கு எப்படியும் விதி 54-இன் கீழ் செலவு கிடைக்கும் என்றால், நாடாளுமன்றம் நிபந்தனை போட்டு அதை மறுபடி எழுத வேண்டிய அவசியம் என்ன?

என் பார்வையில் சட்டத்தின் சொற்களைப் படித்த விதத்தில் மாறுபட்ட தீர்ப்புதான் வலுவானது. ஒரு சட்டத்தை எழுதுகிறவர்கள் தேவையில்லாமல் ஒரு சொல்லைச் சேர்க்கவும் கூடும் என்பது பொதுவாக உண்மைதான், ஆனால் இங்கே அந்த வாக்கியமே பிரதிவாதியின் உரிமைக்கு வேலி போடுவதற்காக எழுதப்பட்டது. வேலிக்குள் வைத்த இரண்டில் ஒன்றை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். அதோடு, இந்தச் சட்டம் நுகர்வோரே முன்வந்து அமல்படுத்தும் சட்டமாக இருக்க வேண்டும் என்பது அதை இயற்றும்போதே செனட் குழு அறிக்கையில் சொல்லப்பட்ட எண்ணம். கடனில் மூழ்கி இருக்கிறவரைத்தான் சட்டம் காவல்காரராக நிறுத்துகிறது. அவர் தோற்றால் 4,500 டாலர் என்றால், நிற்பதற்கே யோசிப்பார்.

ஆனால் தீர்ப்பில் வாதிகளுக்குச் சாதகமான ஒரு பகுதியும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. விதி 54-இன் கீழ் செலவு தானாகக் கிடைப்பதல்ல, கொடுக்கலாமா என்பது கடைசியில் விசாரணை நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று தாமஸே எழுதியிருக்கிறார். வாதி வறியவர், வழக்கில் சட்டக் கேள்வி கடினமானது, நல்லெண்ணத்தோடு போடப்பட்டது என்று காட்டி, செலவு வேண்டாம் என்று கேட்க முடியும்.

அந்த 1,500 டாலர்

வழக்கின் உண்மையான பாடம் உச்ச நீதிமன்றத்தில் இல்லை, ஆரம்பத்தில் வந்த அந்த முன்மொழிவில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விதி 68 எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பிரதிவாதி ஒரு தொகையை எழுதிக் கொடுக்கிறார். இப்போதைய விதிப்படி வாதிக்கு 14 நாள் அவகாசம். ஏற்காமல் விசாரணைக்குப் போய், கடைசியில் கிடைக்கும் தீர்ப்பு அந்த முன்மொழிவைவிட மேலானதாக இல்லாவிட்டால், முன்மொழிவுக்குப் பிறகான செலவை வாதி சுமக்க வேண்டும்.

1,500 டாலர் என்ற எண் சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சட்டப்படியான இழப்பீட்டின் உச்சவரம்பு 1,000. மெய்யான இழப்பு எதையும் நிரூபிக்காத வாதி முழுமையாக ஜெயித்தாலும் 1,000-தான் கிடைக்கும். 1,500-ஐத் தாண்ட வேண்டுமென்றால் மன உளைச்சல், வேலை இழப்பு போன்று ஏதாவது ஒரு மெய்யான இழப்பைச் சாட்சியத்தோடு காட்டியாக வேண்டும். அதாவது ஜெயித்தும் செலவு கட்டும் நிலைமைக்கு வாதி தள்ளப்படுகிறார்.

இதில் வியப்பான ஒரு முடிச்சு உண்டு. வாதி முழுவதுமாகத் தோற்றுவிட்டால் விதி 68 பொருந்தாது. 1981-இல் டெல்டா ஏர்லைன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது: அந்த விதி வாதி ஏதோ ஒரு தொகை ஜெயிக்கும் வழக்குகளுக்கு மட்டும். குறைவாக ஜெயித்தவர் மீது செலவு கட்டாயமாக விழும். முழுவதும் தோற்றவர் விதி 54-இன் விருப்புரிமைக்குள் வருகிறார், நீதிபதி மனது வைத்தால் தப்பிக்கலாம். மார்க்ஸ் வழக்கில் நிறுவனம் விதி 54-ஐப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்ததை இந்த முடிச்சோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

அப்போ வக்கீல் ஃபீஸ் என்ன ஆகும்? இங்கே 1985-இல் வந்த மாரெக் எதிர் செஸ்னி வழக்கு வருகிறது. எந்தச் சட்டத்தில் வழக்குச் செலவின் ஒரு பகுதியாக வக்கீல் ஃபீஸ் எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தச் சட்டத்தின் கீழான வழக்கில் விதி 68 ஃபீஸையும் வெட்டிவிடும். கடன் வசூல் சட்டத்தில் செலவையும் அதோடு ஃபீஸையும் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். அதனால் குறைவாக ஜெயித்த வாதியின் வக்கீலுக்கு முன்மொழிவுக்குப் பிறகான ஃபீஸ் நேரடியாகப் பறிபோவதில்லை. ஆனால் நியாயமான ஃபீஸ் எவ்வளவு என்று கணக்குப் போடும்போது, நல்ல தொகையை மறுத்துவிட்டுப் பிறகு உழைத்த மணிகள் அவசியமானவையா என்று நீதிபதி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

ஃபீஸ் கணக்கு எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நியாயமாகச் செலவான மணி நேரத்தை நியாயமான மணிக் கட்டணத்தால் பெருக்குவது அடிப்படை. 1983-இல் ஹென்ஸ்லி எதிர் எக்கர்ஹார்ட் வழக்கில் வந்த வழி அது. எவ்வளவு ஜெயித்தார் என்பதுதான் மிக முக்கியமான அளவுகோல் என்றும் அதில் சொன்னார்கள். இழப்பீட்டுக்கும் ஃபீஸுக்கும் விகிதம் பொருந்தியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1986-இல் ரிவர்சைட் நகர வழக்கில் இழப்பீடு 33,350 டாலர், ஃபீஸ் 2,45,456 டாலர். உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது. அது காவல்துறைக்கு எதிரான குடிமை உரிமை வழக்குதான், ஆனால் 1,000 டாலர் வழக்குக்குப் பல மடங்கு ஃபீஸ் கேட்கும் வக்கீல்கள் காட்டும் ஆதாரம் அதுதான். 1,000-க்கு மேல் ஃபீஸ் தரக்கூடாது என்றால் இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்குகூட நடக்காது, அதனால் இந்த ஏற்றத்தாழ்வு சட்டத்தின் குறை அல்ல, அதன் வடிவமே அப்படித்தான்.

நடைமுறையில் சில தேதிகள் உயிர் போன்றவை. சட்டமோ நீதிமன்ற உத்தரவோ வேறு அவகாசம் சொல்லாவிட்டால், கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்புப் பதிவான 14 நாளுக்குள் ஃபீஸ் மனு போட வேண்டும். மணிக் கணக்கை அன்றன்றைக்கே எழுதி வைத்திருக்க வேண்டும், கடைசியில் நினைவிலிருந்து எழுதிய கணக்கை நீதிபதிகள் தயங்காமல் வெட்டுவார்கள். தோற்றவர் பக்கம் என்றால், நீதிமன்ற எழுத்தர் செலவை நிர்ணயித்த 7 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்டு மனு போட வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியையும் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பு, 1920-ஆம் பிரிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பிரிவில் இல்லாத செலவு செலவே அல்ல. சாட்சிப் படி நாளொன்றுக்கு 40 டாலர்தான், அதற்கு மேல் நிறுவனம் எவ்வளவு கொடுத்திருந்தாலும் அது அவர்கள் பாடு. மார்க்ஸ் வழக்கில் பட்டியல் ஏழாயிரத்துச் சொச்சத்திலிருந்து நாலாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியதை மறக்கக்கூடாது.

மறுபக்கம்: கடனாளி மீதான வழக்கு

இதுவரை பார்த்தது கடனாளி வாதியாக வந்த வழக்கு. பெரும்பாலான கடன் வசூல் வழக்குகள் தலைகீழானவை: நிறுவனம் வாதி, கடனாளி பிரதிவாதி, இடம் மாநில நீதிமன்றம். தகவல் கிடைத்த இடங்களில் இவற்றில் 70 சதவீதத்துக்கு மேல், பிரதிவாதி வராமலே ஒருதலைப்பட்சத் தீர்ப்பாக முடிகின்றன என்று பியூ அறக்கட்டளை 2020-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தத் தீர்ப்புத் தொகையில் அசல், வட்டியோடு வக்கீல் ஃபீஸும் சேரலாம்.

சேர்க்க அடிப்படை வேண்டும். ஒப்பந்தத்தில் வரி இருக்க வேண்டும் அல்லது மாநிலச் சட்டம் அனுமதிக்க வேண்டும். சில மாநிலங்கள் இதற்கு ஒரு விகிதத்தையே போட்டுவைத்திருக்கின்றன. ஜார்ஜியாவில் கடன் பத்திரம் நியாயமான ஃபீஸ் என்று மட்டும் சொன்னால், முதல் 500 டாலருக்கு 15 சதவீதமும் மீதிக்கு 10 சதவீதமும். அதற்கு முன் 10 நாளுக்குள் கட்டிவிட்டால் ஃபீஸ் இல்லை என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பு வந்த நாளைக் கடனாளி குறித்து வைத்துக்கொண்டு 10 நாளுக்குள் அசலையும் வட்டியையும் கட்டிவிட்டால் பெரிய தொகை மிஞ்சும்.

அடிப்படை இல்லாமல் ஃபீஸ் கேட்டால் அதுவே 1977 சட்டத்தை மீறியதாகலாம். ஒப்பந்தமோ சட்டமோ அனுமதிக்காத எந்தத் தொகையையும் வசூலிக்கக் கூடாது என்கிறது 1692f பிரிவு. 1995-இல் ஹைன்ட்ஸ் எதிர் ஜென்கின்ஸ் வழக்குக்குப் பிறகு, வழக்குப் போட்டு வாடிக்கையாக நுகர்வோர் கடனை வசூலிக்கும் வக்கீல்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். வழக்கு மனுவில் ஃபீஸ் கேட்கும் பத்தியை முதலில் படிக்கச் சொல்வது இதனால்தான்.

ஒப்பந்தத்தில் ஃபீஸ் வரி இருந்தால் அது எப்போதும் நிறுவனத்துக்குச் சாதகமாகத்தான் எழுதப்பட்டிருக்கும்: நாங்கள் வசூலிக்க வழக்குப் போட்டால் எங்கள் வக்கீல் ஃபீஸை நீங்கள் தர வேண்டும். ஃபுளோரிடா சட்டம் 57.105(7) இந்த ஒருவழிப் பாதையை இருவழியாக்குகிறது. ஒரு தரப்புக்கு ஃபீஸ் உரிமை தரும் ஒப்பந்தம் தொடர்பான வழக்கில் மற்றத் தரப்பு ஜெயித்தால், அவருக்கும் நீதிமன்றம் ஃபீஸ் கொடுக்கலாம். கலிஃபோர்னியாவில் சிவில் சட்டத் தொகுப்பின் 1717-ஆம் பிரிவு இதே வேலையைச் செய்கிறது. நியூயார்க்கிலும் நுகர்வோர் ஒப்பந்தங்களுக்கு இப்படி ஒரு பிரிவு உண்டு.

நிறுவனங்கள் இதற்கு ஒரு மாற்று வழி கண்டுபிடித்தன. கிரெடிட் கார்டு கடனை விலைக்கு வாங்கிய போர்ட்ஃபோலியோ ரெகவரி அசோசியேட்ஸ், ஃபுளோரிடாவில் ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போடாமல், கணக்கு ஒப்புதல் என்ற அடிப்படையில் போட்டது. மாத ஸ்டேட்மென்ட் அனுப்பினோம், அவர் மறுக்கவில்லை, எனவே தொகையை ஒப்புக்கொண்டதாக ஆகிறது என்பது அந்த வழக்கு வகை. ஹாம் வழக்கில் இப்படி வழக்குப் போடப்பட்ட இரண்டு கடனாளிகளும் ஜெயித்து, தங்கள் வக்கீல் ஃபீஸைக் கேட்டார்கள். வழக்கு ஒப்பந்தத்தைப் பற்றியதே அல்ல, ஸ்டேட்மென்ட்டைப் பற்றியது, எனவே ஃபீஸ் கிடையாது என்றது நிறுவனம். முதல் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டாவது மாவட்டம் புஷ்னெல் வழக்கில் 2018-இல் நேர்மாறாகத் தீர்ப்புச் சொன்னது.

ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று கடனாளிகளின் பக்கம் தீர்த்தது. கார்டு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கணக்கே இல்லை, கணக்கு இல்லாவிட்டால் ஸ்டேட்மென்ட்டும் இல்லை. வழக்கின் தலைப்பை மாற்றினால் அந்த உறவு அறுந்துவிடாது. எனக்கு இந்தத் தீர்ப்பு மனநிறைவு தருகிறது, ஏனென்றால் இது கடனாளிகளுக்கு வக்கீல் கிடைக்கும் வழியைத் திறந்துவிடுகிறது. 3,000 டாலர் கார்டு பாக்கிக்கு யாரும் கையிலிருந்து ஃபீஸ் கொடுத்து வக்கீல் வைக்க மாட்டார்கள். ஜெயித்தால் நிறுவனம் தரும் என்றால் வக்கீல் தானே முன்வருவார், வந்தால் ஆவணம் எங்கே, கடனை வாங்கிய பத்திரம் எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வழக்குகள் அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். ஆவணம் இல்லை என்று தெரிந்ததும் நிறுவனம் வழக்கைத் தானே வாபஸ் வாங்குவது அடிக்கடி நடக்கும். ஃபுளோரிடாவில் பொதுவாக அப்படி வாபஸ் வாங்கினால் பிரதிவாதி ஜெயித்தவராகக் கருதப்படுவார், ஃபீஸ் கேட்கலாம். கலிஃபோர்னியாவில் 1717-ஆம் பிரிவே, வழக்கு வாபஸானால் ஜெயித்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிடுகிறது. அங்கே நிறுவனம் கடைசி நாளில்கூட ஒப்பந்த வழக்கிலிருந்து ஃபீஸ் பயமில்லாமல் நழுவ முடியும். கார்டு ஒப்பந்தம் வேறொரு மாநிலத்தின் சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், இருவழிப் பாதை அங்கே மூடப்பட்டிருக்கலாம்.

ஃபுளோரிடாவில் வழக்கு வந்திருக்கிறது என்றால், பதில் மனுவிலேயே 57.105(7)-ஐக் குறிப்பிட்டு ஃபீஸ் கேட்டுவிட வேண்டும். 1991-இல் ஸ்டாக்மன் எதிர் டவுன்ஸ் வழக்கில் வந்த விதி அது: மனுவில் கேட்காத ஃபீஸைப் பிறகு கேட்க முடியாது. வழக்கில் ஜெயித்த பிறகோ நிறுவனம் வாபஸ் வாங்கிய பிறகோ ஃபீஸ் மனு போட 30 நாள்தான் அவகாசம். வக்கீல் இல்லாமல் தானே பதில் மனு எழுதுகிறவர்களும் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடலாம். தனக்காகத் தானே வாதாடியதற்கு ஃபீஸ் கிடைக்காது, ஆனால் பாதியில் ஒரு வக்கீல் வந்தால் அவர் உழைப்புக்கு அந்த வரிதான் ஆதாரம்.